விலாசம் இல்லாத தூண்

பழைய கட்டிடத்தைப் பிரித்தெடுத்த கல்லையும் மரத்தையும் புதிய கட்டிடத்தில் வைப்பதை, ஏதோ இன்றைய பணக்கார ரசனையின் கோளாறு என்று நம்மவர்கள் பேசுகிறார்கள். காரியம் புராதனமானது. ரோமில் கி.பி. 315இல் எழுந்த கான்ஸ்டன்டைன் வளைவில் ட்ராஜன், ஹேட்ரியன், மார்க்கஸ் அரேலியஸ் காலத்துச் சிற்பங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. முந்தைய சக்கரவர்த்திகளின் முகங்கள் மட்டும் மாற்றிச் செதுக்கப்பட்டன. கல் வேண்டும், கல்லுக்கு உரியவன் வேண்டாம்.

திருமழபாடியில் நடந்தது வேறு. வைத்தியநாதர் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் உத்தரவிட்டபோது, சுவரிலிருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். ராஜேந்திரனின் 14ஆம் ஆண்டில், அதாவது 1026 வாக்கில், அவை புதிய சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. சுவர் போயிற்று, சாட்சியம் பிழைத்தது.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டே காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளைப் பார்க்க வேண்டும் என்பேன். பர்மாத் தேக்குத் தூண்களும் கதவுகளும் அங்கே விலைக்குக் கிடைக்கின்றன. பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்து ஈட்டிய செல்வத்தில் எழுந்த வீடுகள் அவை. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததோடு அந்த வரவு அறுந்தது. பிறகு ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஓடு மாற்ற ஆளில்லை. வீட்டைப் பங்கு போடுவதைவிட விற்ற பணத்தைப் பங்கு போடுவது சுலபம்.

அவ்வீடுகள் பிரிக்கத் தோதானவையும்கூட. சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட மென்மையானது. தட்டினால் செங்கல் முழுசாகக் கழன்று வரும். சிமெண்டுக் கலவையில் கட்டியதைப் பிரித்தால் செங்கல்தான் உடையும். நாம் இன்று கட்டுபவற்றில் நம் பேரன்களுக்கு மிஞ்சப்போவது ஜல்லி.

ஆகவே தூண் இன்னொரு கூரையைத் தாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கரையான் தின்பதைவிட மேல். ஆனால் எந்த வீட்டுத் தூண் என்று கேட்டால் ‘செட்டிநாடு’ என்பதோடு பதில் முடிந்துவிடுகிறது. எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களுக்கு ஒரே சொல். நகரத்தார் தங்கள் தொழில் நிலையங்களுக்கு வைத்த தலைப்பெழுத்துகளுக்கே ‘விலாசம்’ என்றுதான் பெயர். அந்தச் சமூகத்தின் தூண் விலாசமின்றிப் போகிறது. முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவில், கேரளத்திலிருந்து பெயர்த்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு புதுப்பள்ளி என்ற தன் ஊர்ப் பெயரோடு நிற்கிறது. அதற்கு அதிகம் செலவில்லை.

வங்கியில் ஒரு கணக்கில் வரவு வைத்தால், அது எந்தக் கணக்கில் பற்றானது என்பதையும் எழுதியாக வேண்டும். பிரிக்கும் முன் ஊர், வீட்டுப் பெயர், தூண் எந்தக் கட்டில் நின்றது என்ற மூன்று வரிகளை ஒரு நோட்டில் குறித்துத் தூணோடு கொடுத்தனுப்பலாம். அச்சும் காமிராவும் இல்லாத காலத்தில் திருமழபாடியில் அதைச் செய்திருக்கிறார்கள்.