பத்தரை மாற்றிலிருந்து பத்து ஒன்பதுகள் வரை

நம்ம தேவகோட்டைப் பெரியவர்கள் நகை வாங்கப் போனால் முதலில் மாற்றைத்தான் கேட்பார்கள். உரைகல்லில் உரசிக் காட்டணும். கோட்டின் நிறம் சரியாக இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. சொக்கத் தங்கத்துக்குப் பத்தரை மாற்று என்று பெயர். கண்ணே தராசாக இருந்த காலம் அது.

மின்சாரம் வந்ததும் கண் போதவில்லை. தாமிரத்தில் துளி ஆர்சனிக்கோ பாஸ்பரசோ கலந்திருந்தால் போதும், மின்சாரம் ஓடுவதற்குத் தடை கூடிவிடும். இதற்கு வழி சொன்னவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் எல்கிங்டன். 1865இல் மின்பகுப்புச் சுத்திகரிப்புக்குக் காப்புரிமை பெற்றார். கந்தக அமிலம் கலந்த மயில்துத்தக் கரைசலில் கசடுள்ள தாமிரத் தகட்டை நேர்மின்வாயாகத் தொங்கவிடுவார்கள். தாமிரம் கரைந்து எதிர்மின்வாயில் போய்ப் படியும். இரும்பும் நிக்கலும் கரைசலிலேயே தங்கிவிடும். தங்கமும் வெள்ளியும் கரையாமல் அடியில் சேறாக இறங்கும். ஆசாரிமார் பட்டறைக் குப்பையைக்கூட அரித்துப் பொன் எடுப்பார்களே, அதுபோல இந்தச் சேற்றையும் யாரும் வீணாக்குவதில்லை. இன்று இம்முறையில் கிடைக்கும் தாமிரம் 99.99 சதவீதம் சுத்தமானது.

1947இல் டிரான்சிஸ்டர் பிறந்ததும் இந்த நான்கு ஒன்பதுகளும் பற்றாமல் போயின. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஃபான் என்பவர் 1952இல் ஒரு முறையை வெளியிட்டார். ஜெர்மானியக் கட்டியின் ஒரு சிறு பகுதியை மட்டும் உருக்கி, அந்த உருகிய வளையத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல நகர்த்துவது. பெரும்பாலான கசடுகளுக்குத் திடப்பொருளைவிடத் திரவத்தில் இருக்கத்தான் விருப்பம். எனவே அவை வளையத்தோடு போய்க் கடைசி முனையில் ஒதுங்கும். திரும்பத் திரும்பச் செய்தால் ஆயிரம் கோடி அணுக்களுக்கு ஒரு கசடு என்ற அளவுக்கு வந்துவிடும். கடைசியில் அந்த முனையை வெட்டி எறிய வேண்டியதுதான்.

இந்த வரலாற்றில் நம் சீமைக்கும் பங்கு உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்து வைத்தார். மக்னீசியம், மாங்கனீசு போன்ற உலோகங்களை மின்பகுப்பால் எடுக்கும் ஆய்வுகள் அங்கே நடந்தன. நம்ம ஊரிலிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணியில் போய்விடலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலை ஆண்டுக்கு 4 லட்சம் டன் தாமிரம் தரும் திறன் கொண்டிருந்தது. காற்றும் நீரும் கெடுகின்றன என்று மக்கள் போராடினார்கள். 2018 மே 22இல் நடந்த துப்பாக்கிச் சூட்டையொட்டி 13 பேர் உயிரிழந்தனர். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. அதன்பின் தாமிரத்தை ஏற்றுமதி செய்த நாடு இறக்குமதி செய்யும்படி ஆயிற்று.

உலோகத்தைச் சுத்தம் செய்வது என்றால் அழுக்கை அழிப்பது அல்ல, இடம் மாற்றுவதுதான். ஃபானின் கட்டியில் அது கடைசி முனைக்குப் போனது. ஒரு ஊரில் வைத்துச் செய்தால் தாதுவின் கந்தகமும் ஆர்சனிக்கும் எங்கே போகும்? ஒன்பதுகளைக் கூட்டும் வித்தையைப் பொறியாளர்கள் கற்றுக்கொண்டோம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பும் நம்முடையதுதான். இன்று வகுப்பில் இருக்கும் தம்பி தங்கைகள் இரண்டையும் சேர்த்தே படிக்கணும். அப்போதுதான் அது பத்தரை மாற்றுப் படிப்பு.