பிரம்பு வந்த வழி

பிரம்பு தண்ணீர்க்கரைச் செடி. பனை இனத்தைச் சேர்ந்தது. முள்ளோடு கொடியாய்ப் பின்னிக் கிடக்கும். முற்றிய பிரம்பம்பழம் நீரில் உதிர, கெண்டைமீன் கவ்வுவதை ஔவையாரின் குறுந்தொகைப் பாட்டொன்று காட்டுகிறது. அது மருதத் திணைப் பாட்டு, நெல் விளையும் எங்கள் நிலத்தின் பாட்டு. வளைத்தாலும் ஒடியாத அந்தத் தண்டைச் சீவிக் கூடை முடைந்தார்கள், நாற்காலி பின்னினார்கள். ஒடியாத அதே குணம்தான் அதை வாத்தியார் கையிலும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

திண்ணைப் பள்ளியில் பிரம்போடு கோதண்டமும் இருந்தது. விட்டத்துக் கயிற்றைப் பிடித்துப் பிள்ளை தொங்க வேண்டும். 1789இல் சென்னைக்கு அருகே எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பேற்ற ஆன்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை விடுதியில் வளர்த்து, ‘மதராஸ் முறை’ என்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அடியைவிடப் பரிசே பிள்ளையைப் பழக்கும் என்பது அவர் கட்சி. மணல் கப்பலேறியது, பிரம்பு இங்கேயே தங்கிவிட்டது. பின்னாளில் அதற்குக் கல்வி விதிகளிலும் ஓரிடம் கிடைத்தது.

பூதலூர்ப் பக்கம் நான் படித்த பள்ளியில் பிரம்பு மேசை இழுப்பறைக்குள் இருக்கும். அது இல்லாத நாளில் புளிய விளார். அதை ஒடித்து வரவும் ஒரு பையனையே அனுப்புவார்கள். சேர்க்கை நாளில் அப்பாக்கள், “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க வாத்தியாரே” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதில் கொடுமை இல்லை, நம்பிக்கை இருந்தது. தனக்குக் கிடைக்காத படிப்பு மகனுக்கு அடி வாங்கியாவது வரட்டும் என்ற ஏக்கம் இருந்தது.

ஆனால் அடி எல்லார் மேலும் ஒன்றுபோல விழவில்லை. நடவுக்குப் போன அம்மாவோடு வரப்பில் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் பள்ளிக்கு வந்த பிள்ளைக்குத்தான் முதல் அடி. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஒருநாள் கணக்குத் தப்பாகி, இரண்டு உள்ளங்கையிலும் வாங்கினான். மறுநாள் அவன் வரவில்லை. பிறகு புது ஆற்றுக் கரையில் மாடு மேய்க்கக் கண்டேன்.

இந்த டெல்டா அடியை அறியாத நிலமல்ல. கீழத்தஞ்சைப் பண்ணைகளில் கூலியாட்களுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும் கொடுத்த காலம் உண்டு. பி. சீனிவாசராவ் திரட்டிய விவசாயத் தொழிலாளர்கள் போராடி, 1944இல் மிராசுதாரர்களோடு ஏற்பட்ட ஒப்பந்தத்தில் அதற்கு முடிவு கட்டினார்கள். வயலில் சவுக்கு இறங்கிய பிறகும், அந்தத் தொழிலாளியின் பேரப்பிள்ளை மேல் பள்ளியில் பிரம்பு ஓங்கியே இருந்தது. பிள்ளைகளுக்கு ஏது சங்கம்?

2000 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், அங்குள்ள பள்ளிகளில் அடிக்க இடம் கொடுத்த விதிகளை ரத்து செய்தது. 2003இல் தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதியைத் திருத்தி, உடலையும் மனத்தையும் வருத்தும் தண்டனைகள் தடை செய்யப்பட்டன. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நாடு முழுவதும் அதையே சொன்னது. இடையில் 2007இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில், பள்ளிப் பிள்ளைகளில் மூவரில் இருவர் அடி வாங்கியதாகச் சொல்லியிருந்தார்கள். 2024 ஏப்ரலிலும் சென்னை உயர் நீதிமன்றம், உடல் தண்டனையை ஒழிக்கும் நெறிமுறைகளை நடைமுறைப்படுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. சட்டம் முன்னே போயிருக்கிறது. கை இன்னும் பின்தங்கி நிற்கிறது.

ஆசிரியர்களின் குறையும் உண்மையானது. “கையைக் கட்டிப்போட்டுட்டு அறுபது பேரை அடக்கச் சொல்றீங்க” என்கிறார்கள். மாணவன் ஆசிரியர் மீதே கை ஓங்கும் செய்திகளைப் படித்து அவர்கள் பயப்படுகிறார்கள். வகுப்பில் தலைகள் குறைய வேண்டும். வீட்டு நிலவரம் கேட்கப் பள்ளியில் ஒரு ஆலோசகர் வேண்டும். அவர்கள் கேட்க வேண்டியது இவற்றை. அரசு கொடுக்க வேண்டியதும் இவற்றைத்தான். பிரம்பைத் திருப்பிக் கொடுத்தால் வகுப்பு அமைதியாகும், நிஜம். அந்த அமைதியில் யாரும் சந்தேகம் கேட்க மாட்டார்கள்.

பிட்டுக்கு மண் சுமந்த கதையில், பாண்டியன் பிரம்பால் ஓங்கி அடித்த ஒரே அடி எல்லார் முதுகிலும் விழுந்தது; அடித்தவன் முதுகிலும். அந்தக் கதையை நான் நம்புகிறேன். அன்று கணக்கு வகுப்பில் பிரம்பு என்மேல் படவே இல்லை. ஆனாலும் மணி அடிக்கும்வரை இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.