ராமானுஜன் எடுத்த ட்யூஷன்

கால்குலஸுக்கு நல்ல ட்யூஷன் வாத்தியார் தேடி மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று அலைகிறோம். நூறாண்டுக்கு முன் கணித மேதை ராமானுஜனே அந்த வேலை பார்த்தவர்தான்.

கும்பகோணத்திலும் சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் படித்தும் எஃப்.ஏ. தேறவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு ட்யூஷன். பி.ஏ. பரீட்சைக்குப் படித்த கோவிந்தராஜ ஐயங்காருக்குக் கால்குலஸ் சொல்லிக்கொடுத்தார். ஆனால் வாத்தியார் பேச்செல்லாம் முடிவிலியைப் பற்றியே! பரீட்சைக்கு உதவாது என்று இரண்டே வாரத்தில் மாணவர் நிறுத்திக்கொண்டார்.

1912இல் ராமானுஜனுக்குத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1914இல் கேம்பிரிட்ஜ் போனார், 1918இல் எஃப்.ஆர்.எஸ். ஆனார்.

மாணவரையும் குறை சொல்ல முடியாது. அவருக்குப் பாஸாக வேண்டும். பேரனுக்கு வாத்தியார் தேடும்போது, அவன் தடுக்கி நிற்கும் படிவரை இறங்கி வருபவரா என்று பாருங்கள்.