பணியை நிறுத்திய ஆடல்மகளிர்: திருவொற்றியூர்க் கல்வெட்டுகளை முன்வைத்து

14ஆம் நூற்றாண்டில் திருவொற்றியூர்க் கோயிலின் ஆடல்மகளிர் பணியை நிறுத்தினார்கள். பதியிலார், இடபத்தளியிலார், தேவரடியார் என்ற பிரிவினரிடையே யாருக்கு எந்தப் பணி உரியது என்று வழக்கு. சம்புவராயர் காலத்தில் ஒருமுறை தீர்ந்தது. விசயநகர ஆட்சியில் மீண்டும் கிளம்பியது. ஆனைகுந்தி விட்டப்பர் என்ற அதிகாரி தலையிட, கோயிலின் வியாகரணதான மண்டபத்தில் கூடி முறை வகுத்துக் கல்லில் வெட்டினார்கள்.

தேவரடியார் பற்றிய பேச்சு நெடுங்காலமாக இரண்டு சொற்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது: புனிதம், சீரழிவு. மேற்கண்ட கல்வெட்டில் இரண்டுமே இல்லை. அங்கே இருப்பது உரிமை, முறை, வழக்கு. தாம் செய்வதைத் தொழிலாகவும் தமக்குரிய காணியாகவும், அதாவது பரம்பரை உரிமையாகவும், கருதியவர்கள்தான் அதை நிறுத்திக் காட்ட முடியும். ஆகவே இப்பெண்களை முதலில் தொழிலாளராகப் படிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

தொழிலில் தேர்ச்சிக்குப் பட்டமும் இருந்தது. சிலப்பதிகார மாதவி அரங்கேறிப் பெற்ற தலைக்கோல் என்ற சிறப்பு, சோழர் கல்வெட்டுகளில் தலைக்கோலி என்று பெயரோடு ஒட்டி வருகிறது. சோழ மன்னன் மூன்றாம் இராசராசனின் 19ஆம் ஆட்சியாண்டில், ஆவணித் திருநாளில், திருவொற்றியூர்க் கோயிலின் இராசராசன் திருமண்டபத்தில் உறவாக்கின தலைக்கோலி என்னும் பதியிலார் அகமார்க்கம் என்ற கலை நிகழ்ச்சியை நிகழ்த்தினார். மன்னன் நேரில் இருந்தான். மணலியில் 60 வேலி நிலம் உறவாக்கினநல்லூர் என்று அவர் பெயர் பெற்றது. ஊருக்கு அரசன் பெயரையும் தெய்வத்தின் பெயரையும் இட்ட காலத்தில் ஒரு கலைஞரின் பெயர்! இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையால் அறியப்படும் மணலி அது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

ஆனால் இதை வைத்துப் பொற்காலம் கட்டக் கூடாது. இதே கோயிலுக்கு ஐந்து பெண்களை, அவர்கள் வழித்தோன்றல்களோடு சேர்த்து, நெல் குற்றுவதற்காகக் கொடையளித்த கல்வெட்டும் உண்டு. ஒரே மதிலுக்குள் ஒருத்தி பெயரில் ஊர். ஐவர் தாமே கொடைப்பொருள். நெல் குற்றியவர்களின் வழக்கைக் கேட்க எந்த மண்டபமும் கூடியதாகக் கல்வெட்டு பேசவில்லை. ‘கோயில் பெண்கள்’ என்ற ஒற்றைப் பெயரின் கீழ் இவர்களை அடக்கும் ஆய்வு, யாருக்குப் பேரம் பேசும் வலு இருந்தது, யாருக்கு இல்லை என்ற கேள்வியையே தொலைத்துவிடுகிறது.

1947ஆம் ஆண்டின் சென்னை மாகாணத் தேவதாசி ஒழிப்புச் சட்டத்தையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்கிறேன். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுதலைத் தடுத்தது தேவையான செயல். சீர்திருத்தவாதி முத்துலட்சுமி ரெட்டி 1920களிலிருந்து அதற்காகப் போராடியது வீண்போகவில்லை. ஆயினும் அச்சட்டம் இப்பெண்களைக் காக்கப்பட வேண்டியவர்களாக மட்டுமே கண்டது. அவர்கள் கையில் இருந்த தொழில் இனி எங்கே, எந்தக் கூலிக்கு நடக்கும் என்பது அதன் கேள்வியாக இல்லை. பரதநாட்டியம் என்ற பெயரில் அதே ஆடல் சபா மேடைகளில் மதிப்பும் வருமானமும் பெற்றது. அந்த மேடைகளில் பரம்பரை ஆடல்குடும்பத்துப் பெண்கள் அரிதாகவே ஏறினார்கள். இம்முறை, முறை வகுத்தபோது அவர்களைக் கூட்டி வைத்துக் கேட்டவர் இல்லை.