கோடு முந்தியது, அழுக்கு பிந்தியது: மாதிரி விமானங்களில் வெதரிங் வளர்ந்த வரலாறு

பிளாஸ்டிக் மாதிரி விமானங்களுக்கு வண்ணம் தீட்டும் முறைகளின் வரலாற்றை வழக்கமாக ஒரே ஏறுமுகமாகச் சொல்வார்கள். முதலில் தூரிகையால் பூசிய பளபளப்பு வந்தது. பிறகு சரியான நிறங்கள். அதன்பின் வெயில், எண்ணெய், புகை பட்ட தோற்றத்தைத் தரும் வெதரிங். ஒவ்வொரு தலைமுறையும் நிஜ விமானத்தை மேலும் நெருங்கியது என்பது இந்தக் கதை. இதில் பாதிதான் உண்மை. வெதரிங்கின் இன்றைய உருவத்துக்கு விமானங்களைப் பற்றிய அறிவு பெருகியது மட்டும் காரணமல்ல. வார்ப்பு அச்சு மாறியதும், டாங்கி மாதிரி செய்பவர்களின் உத்திகள் விமானத்துக்கு வந்து சேர்ந்ததுமே பெரிய காரணங்கள் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்க காலத்தில் மாதிரியின் வேலை வடிவத்தைக் காட்டுவதே. 1936இல் பிரிட்டனில் ஃப்ராக் நிறுவனம் செல்லுலோஸ் அசிடேட்டில் 1/72 அளவு 'பெங்குவின்' வரிசையை வெளியிட்டது. 1942இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் அதே அளவில் லட்சக்கணக்கான மர மாதிரிகளைச் செய்யச் சொன்னது. எதிரி விமானத்தை வானத்தில் நிழலுருவாகப் பார்த்து அடையாளம் காணப் பழகுவதற்கானவை என்பதால் அவற்றுக்குக் கறுப்பு மட்டுமே பூசினார்கள். போருக்குப் பின், 1953இல் ஏர்ஃபிக்ஸின் ஸ்பிட்ஃபயர் வந்தது. ஹம்ப்ரால் எனாமல் சிறு டப்பாக்களில் கடைக்கு வந்தது. இப்போது கேள்வி நிறத்தைப் பற்றியதாயிற்று. 1956இல் வெளியான அமெரிக்க அரசின் ஃபெடரல் ஸ்டாண்டர்ட் 595 போன்ற நிற அட்டைகள் கைக்குக் கிடைக்க, ஆர்வலர்கள் ஆணைப்படியான நிறத்தைத் தேடிச் சண்டை போட்டார்கள். தொழிற்சாலையை விட்டு அன்றுதான் வெளிவந்தது போன்ற விமானமே லட்சியம்.

அழுக்கு வேறு வழியாக வந்தது. சேற்றில் புரளும் டாங்கிக்கும், சுற்றுப்புறத்தோடு அமைக்கும் டயோராமாவுக்கும் அது இயல்பு. 1970களில் அமெரிக்காவின் ஷெப் பெயின் மோனோகிராம் நிறுவனத்தின் மாதிரிப் பெட்டிகளில் வந்த விளக்கத் தாள்கள் வழியாகவும், சற்றுப் பின்னர் பெல்ஜியத்தின் ஃபிரான்சுவா வெர்லிண்டன் தம் படைப்புகள் வழியாகவும் இரண்டு உத்திகளைப் பரப்பினார்கள். பெயிண்ட்டை ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்ட தூரிகையால் மேடுகளை மட்டும் தடவுவது ஒன்று. நீர்த்த ஆயில் பெயிண்ட்டைப் பள்ளங்களில் ஓடவிடும் வாஷ் மற்றொன்று. அன்றைய விமான மாதிரிகளில் தகட்டு இணைப்புகள் புடைத்த கோடுகளாக இருந்ததால் முதல் உத்திதான் அவற்றுக்குப் பொருந்தியது. 1980களில் ஹாசெகாவா போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் கோடுகளை மெல்லிய பள்ளங்களாகச் செதுக்கத் தொடங்கியதும் நிலைமை மாறி, வாஷ் பொருந்தத் தொடங்கியது. அதற்கு உதவியது வேறொன்றுக்காக இருந்த ஒரு வழக்கம். விமானத்தின் சின்னங்களும் எண்களும் அச்சிட்ட டிகால் என்னும் மெல்லிய படலத்தை ஒட்டும் இடம் சொரசொரப்பாக இருந்தால் அதனடியில் காற்று சிக்கி வெள்ளி போல மின்னும். அதனால் முன்பே ஒரு பளபளப்பு வார்னிஷ் பூசுவது வழக்கம். அந்த அக்ரிலிக் வார்னிஷ் நன்றாகக் காய்ந்துவிட்டால் அதன்மேல் டர்பன்டைனில் கரைத்த ஆயில் பெயிண்ட்டை வைத்தாலும் அடிநிறம் கரையாது. நுண்தூரிகையின் நுனியால் கோட்டை ஒரு முனையில் தொட்டால் போதும். பெயிண்ட் தானே கோட்டின் நீளத்துக்கும் ஓடும். மிஞ்சியதைக் காற்று வீசும் திசையில், அதாவது மூக்கிலிருந்து வாலை நோக்கித் துடைத்துவிடலாம். டிகாலுக்காக இட்ட பூச்சு வாஷுக்கும் வழி திறந்தது. 1970களிலேயே மேட்ச்பாக்ஸ் நிறுவனம் பள்ளக் கோடுகள் போட்டதே என்று கேட்கலாம். போட்டது உண்மை, ஆனால் அவை வாய்க்கால் போல அகலமாக இருந்து கேலிக்கு ஆளாயின. அவற்றுக்குள் வாஷ் ஊற்றினால் குறைதான் மேலும் துலங்கும்.

போர்க்கள விமானங்கள் உண்மையிலேயே அழுக்காகத்தானே இருந்தன என்பது வலுவான மறுப்பு. இருந்தன, ஆனால் ஒவ்வொரு அழுக்குக்கும் தனிக் காரணம் உண்டு. அடிப்பூச்சு இல்லாத உலோகத்தின்மேல் நேரடியாகப் பச்சை அடிக்கப்பட்ட ஜப்பானியத் தரைப்படையின் கி-61 விமானங்களில் பெயிண்ட் பெரிய பெரிய பாளங்களாக உரிந்தது. முறையாக அடிப்பூச்சு பெற்றவை அவ்வளவு எளிதில் உரியவில்லை. 1980களில் சாம்பல் நிறத்துக்கு மாறிய அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14இல், உப்புக் காற்றால் அரிப்பு தொடங்கிய இடங்களுக்கெல்லாம் கப்பல் பணியாளர்கள் புதிய பெயிண்ட் தடவினார்கள். விமானம் வெவ்வேறு சாம்பல் திட்டுகளாயிற்று. அந்தத் திட்டுகள் இணைப்புக் கோடுகளுக்குக் கட்டுப்பட்டவையல்ல. எல்லாவற்றிலும் தெளிவான சாட்சி பி-51 மஸ்டாங். அதன் இறக்கையில் காற்று சீராக வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதற்காக, முன்பகுதியின் இணைப்புகளையும் ரிவெட்டுகளையும் தொழிற்சாலையிலேயே புட்டி வைத்து அடைத்து வெள்ளிப் பூச்சு அடித்தார்கள். ஆனாலும் மாதிரிப் போட்டிகளில் மஸ்டாங்கின் இறக்கை முழுக்கக் கறுப்புக் கோடுகள் ஓடுவதைக் காணலாம். புகைப்படம் சொன்னதை அல்ல, அச்சில் இருந்ததைத்தான் கை பின்பற்றியிருக்கிறது.

சிறிய உருவத்தில் மிகைப்படுத்தாமல் எதுவும் கண்ணுக்குத் தெரியாது என்பது அடுத்த மறுப்பு. கணக்குப் பார்த்தால், நிஜத்தில் 1 மில்லிமீட்டர் இடைவெளி 1/72 அளவில் சுமார் 0.014 மில்லிமீட்டர், எந்த அச்சாலும் அதைக் காட்ட முடியாது. மாதிரியில் 0.1 மில்லிமீட்டர் கோடு போட்டாலே நிஜத்தில் 7 மில்லிமீட்டர்ப் பிளவு என்றாகிறது. இந்த மறுப்பை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் ஏற்ற மாத்திரத்தில், 'மேலும் மேலும் நிஜம்' என்ற பழைய கதை நிற்காது. வெதரிங் ஓவியனின் கோடு போன்ற ஒரு மரபு என்றாகிவிடும். தொலைவில் நிறம் வெளிறும் என்பதால் சிறிய மாதிரிக்கு வெள்ளை கலக்க வேண்டும் என்ற வாதமும் இதே இனம். அதுவும் ஓவியரின் கண்ணிலிருந்து வந்தது. மேல்நிறத்துக்கு முன் கோடுகளின் ஓரத்தில் ஏர்பிரஷ்ஷால் கறுப்பு அடிக்கும் முறை வந்தபோதும் அச்சின் பிடி தளரவில்லை. நிழலும் கோட்டைத்தான் தொடர்ந்தது.

அந்தப் பிடி தளரத் தொடங்கியது அண்மையில்தான். மாதிரி முழுவதற்கும் கறுப்பு அடித்து, அதன்மேல் மேல்நிறத்தை ஒழுங்கற்ற மெல்லிய திட்டுகளாக ஏற்றி, கடைசியில் ஒரே சீரான மெல்லிய பூச்சால் இணைக்கும் முறை 2010களில் பரவியது. இதற்குப் பள்ளக் கோடு தேவையே இல்லை. வழவழப்பான பரப்பிலும் நிறம் வேறுபட்டுத் தெரியும். எஃப்-14இன் சாம்பல் திட்டுகளை நம்பும்படி காட்ட இப்போதுதான் ஏற்ற வழி கிடைத்தது. மஸ்டாங் மாதிரி செய்பவர்களில் சிலர், காசு கொடுத்து வாங்கிய நுண்கோடுகளை முதல் வேலையாகப் புட்டி வைத்து அடைத்துவிட்டுத்தான் பெயிண்ட்டையே திறக்கிறார்கள்.