மாயாவியின் பெல்ட் பக்கிள்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே, பொறுத்துக்கோங்க.

எங்க பெரியப்பாவுக்கு ராஜபாளையம். மாமாவுக்கு (அம்மாவோட தம்பி) ஸ்ரீவில்லிபுத்தூர். நடுவுல பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான். எந்த விசேஷ வீட்டில் இந்த ரெண்டு பேரும் சந்தித்தாலும் பந்தி முடிஞ்ச கையோட ஒரு சண்டை ஆரம்பிக்கும். அரசியலோ நிலத் தகராறோ இல்லீங்க. இரும்புக்கை மாயாவிக்கு எந்தக் கை இரும்பு? "இடது கை மாப்ள" என்பார் பெரியப்பா. "அத்தான், வலது கை. கால் கிலோ பால்கோவா பந்தயம்" என்பார் மாமா.

இதுக்குப் பின்னாடி ஒரு சரித்திரம் இருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் போனா சிவகாசி. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்தாங்க. தீப்பெட்டி வந்ததும் அதுக்கு லேபிள் வேணும், லேபிளுக்கு அச்சகம் வேணும். லேபிளில் ஆரம்பிச்ச அச்சுத் தொழில் காலண்டர், டைரின்னு வளர்ந்துச்சு. கலர் அச்சு தெரிஞ்ச ஆட்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்த ஊர் அது. அங்கேதான் சௌந்திரபாண்டியன் 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸை ஆரம்பிச்சார். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. பன்னிரண்டு வருஷம் கழிச்சு, 1984 ஜூலையில், அவர் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அப்போ அவருக்குக் காலேஜ் போற வயசு.

மாயாவி நம்ம ஊர்க்காரர் இல்லை. 1962 அக்டோபரில் இங்கிலாந்தில் 'வேலியன்ட்' என்ற வாரப் பத்திரிகையின் முதல் இதழில் பிறந்தவர். அங்கே அவர் பெயர் லூயிஸ் கிராண்டெல், விஞ்ஞானி பாரிங்கரின் லேப் உதவியாளர். விபத்தில் வலது கை போய் இரும்புக்கை மாட்டிக்கிறார். அப்புறம் இன்னொரு விபத்தில் கரண்ட் அடிச்சதும் உடம்பு மறைஞ்சிடுது, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியுது. முதலில் எழுதியவர் கென் புல்மர், பிறகு டாம் டல்லி. வரைந்தவர் பார்சிலோனாக்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ (1919-1995). இந்தப் பெயர்களெல்லாம் எங்க பெரியப்பாவுக்குத் தெரியவே தெரியாது. அவர் மேல் தப்பில்லை. அந்தக் கால பிரிட்டிஷ் காமிக்ஸில் எழுதினவர், வரைஞ்சவர் பெயரைப் போடும் வழக்கமே கிடையாது. லண்டன் வாசகனுக்கே தெரியாதது ராஜபாளையம் பையனுக்கு எப்படித் தெரியும்?

சரி, சண்டைக்கு வருவோம். எந்தக் கை என்பது ஒரு உள்குத்துதான். நிஜச் சண்டை என்னன்னா, மாயாவி மறையும்போது சட்டை, பேன்ட் எல்லாம் சேர்ந்து மறையுது. இரும்புக்கை மட்டும் மறையலை. காரணம் இரும்பா? அப்போ பெல்ட் பக்கிள்? பாக்கெட்டில் கிடக்கிற சில்லறை? அதுவும் உலோகம்தானே?

எச்.ஜி.வெல்ஸ் 1897ல் இதே சிக்கலை எதிர்கொண்டார். அவருடைய 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' நாவலில் உடம்பு மட்டும்தான் மறையும், துணி மறையாது. அதனால பாவம் அந்த ஆள் குளிரில் அம்மணமா ஓடணும். பள்ளிப் பையன்கள் படிக்கிற வாரப் பத்திரிகையில் அப்படி ஓட விட முடியுமா? துணியையும் சேர்த்து மறைச்சுட்டாங்க. பக்கிளைப் பத்தி யோசிக்க யாருக்கும் நேரமில்லை. வாரம் ரெண்டு மூணு பக்கம் கொடுத்தாகணுமே!

இஞ்சினியரிங் படிக்கும்போது நானும் ஒரு தியரி விட்டேன். உடம்பு ரெசிஸ்டர், இரும்புக்கை கண்டக்டர், கரண்ட் நல்லா ஓடுற இடம் மறையாது, தடைபடுற இடம் மறையும். மாமா ஒரே கேள்வியில் காலி பண்ணார்: "மாப்ள, அப்போ பக்கிள்ல கரண்ட் ஓடாதா?" நாலு வருஷப் படிப்பு அங்கேயே அம்பேல்.

முகம் ஒரு கதைக்கு ஒரு மாதிரி இருக்கேங்கிறது அடுத்த சந்தேகம். இதுக்கு விடை உண்டு. வேலியன்ட் தொடர் போக, 1967-68ல் ஃப்ளீட்வே நிறுவனம் கையடக்கப் புத்தகங்களாகவும் மாயாவி, ஸ்பைடர், ஜானி நீரோ கதைகளை வெளியிட்டது. அங்கே வரைஞ்சது வேறு ஓவியர்கள். முத்து காமிக்ஸ் ரெண்டு வகையிலிருந்தும் எடுத்துப் போட்டதால், அடுத்தடுத்த இதழ்களில் மாயாவியின் மூஞ்சி மாறும். நாங்க சின்ன வயசில் அவர் பிளாஸ்டிக் சர்ஜரி பண்ணிக்கிட்டார்னு நம்பினோம். (சிரிக்காதீங்க.)

இன்னொரு உபரித் தகவல். 'குற்றச் சக்கரவர்த்தி' ஸ்பைடரின் கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். சூப்பர்மேனின் அப்பா எழுதினதைத்தான் படிக்கிறோம்னு தெரியாமலேயே நம்ம மாவட்டத்துப் பசங்க பெட்டிக்கடை அண்ணாச்சியிடம் கடன் சொல்லிப் புத்தகம் வாங்கிட்டிருந்தாங்க. லக்கி லூக் விஷயமும் இப்படித்தான். 1983ல் ஓவியர் மோரிஸ் அவர் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்துட்டு ஒரு புல்லை வச்சார். வாயில் இருப்பது சிகரெட்டா புல்லான்னு பார்த்தே கதை பழசா புதுசான்னு மாமா சொல்லிடுவார்.

பெரியப்பாவுக்கு உண்மையிலேயே வலிச்ச விஷயம் ஒண்ணு உண்டு. மாயாவி ஆரம்பத்தில் திருடன் என்பார் மாமா. மறையும் சக்தி கிடைச்சதும் அவர் முதலில் போனது கொள்ளையடிக்கத்தான். நிழற்படை ஏஜெண்ட் ஆனதெல்லாம் பிற்பாடு. பெரியப்பா கையில் முதலில் கிடைச்சதே பிந்தைய இதழ். அவருக்கு மாயாவி என்னைக்குமே நல்லவர். "என் மாயாவி திருட மாட்டான்" என்று எழுந்தே போயிருக்கிறார், பாயசம் குடிக்காமல். ஆதாரம் காட்டப் புத்தகமும் இல்லை. பெரியப்பாவின் பைண்டு வால்யூம்களை ஒரு தீபாவளிக்கு வீடு வெள்ளையடிக்கையில் பழைய பேப்பர்காரரிடம் போட்டாச்சு. எந்த நூலகத்தில் போய்த் தேட?

இடையில் 2000களில் இதழ்கள் மாசக்கணக்கில் வராமலே போச்சு. 2012 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி 'கம்பேக் ஸ்பெஷல்' வந்தது, நூறு ரூபாய். பெரியப்பா பார்சல் பிரிச்ச அன்னைக்கு ஊர்ல கரண்ட் இல்லை. அந்த வருஷம் சென்னை தவிர மத்த ஊர்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு ஞாபகமிருக்கா? மாயாவி ராஜபாளையத்தில் இருந்திருந்தா ராத்திரி முழுக்கக் கண்ணுக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருந்திருப்பார்.

முடிவு 2021ல் கிடைச்சது. ஃப்ளீட்வேயின் பழைய கதைகளின் உரிமையை வாங்கியிருந்த ரெபெல்லியன் நிறுவனம், ஆரம்ப மாயாவி கதைகளை ஆங்கிலத்தில் புத்தகமாகப் போட்டது. ஆன்லைனில் வாங்கி ரெண்டு பேர் முன்னாலும் விரிச்சு வச்சேன். வலது கை. திருடன். பக்கிள் மறையுது, காரணம் சொல்லலை.

பெரியப்பா ரொம்ப நேரம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "இது இங்கிலாந்து மாயாவி. நான் படிச்சது சிவகாசி மாயாவி" என்றார்.

ஆனாலும் பந்தயம் பந்தயம்தானே. அடுத்த ஞாயிறு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கேயே கால் கிலோ பால்கோவா வாங்கி, அந்த ஊர்க்காரர் கையிலேயே கொடுத்துட்டு வந்தார். மாமா பிரிச்சு, பாதியை அவருக்கே கொடுத்திருக்கார். இடது கையால.