கரிசலில் கடைக்கால்: தாங்குதிறனும் மண்ணின் அசைவும்

பாரம் கூடக்கூட அடித்தளத்துக்கு ஆபத்து என்பது பொது விதி. கரிசல் மண்ணில் இந்த விதி எடுபடுவதில்லை. விருதுநகர், தூத்துக்குடி, கோவை மாவட்டங்களின் கரிசல் ஊர்களில் சுவர் வெடித்து நிற்பவை பெரும்பாலும் மாடியில்லாத சிறு வீடுகளும் சுற்றுச்சுவர்களும்தான். மண்ணிடம் 'எவ்வளவு தாங்குவாய்?' என்று மட்டும் கேட்டு வந்த கட்டுமானத் துறை, 'எவ்வளவு அசைவாய்?' என்றும் கேட்கக் கற்றுக்கொண்ட வரலாற்றை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

காரணம் மான்ட்மொரில்லோனைட் என்னும் களிமண் கனிமம். இதன் நுண்ணிய தகடுகளுக்கிடையே நீர் புகுந்தால் மண் உப்பும். வெளியேறினால் சுருங்கி வெடிக்கும். உப்பும்போது மேல்நோக்கித் தள்ளும் அழுத்தம் சதுர மீட்டருக்கு 20 டன்னைத் தாண்டுவதும் உண்டு. மாடியில்லாத வீட்டின் கடைக்கால் மண்மேல் வைப்பதோ சில டன்கள்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் வீட்டைத் தூக்குகிறது; கோடையில் கீழே விடுகிறது. எல்லா மூலையும் ஒரே அளவில் ஏறி இறங்கினால் பாதகமில்லை. குளியலறைத் தண்ணீர் தேங்கும் பக்கம் ஒரு கணக்கு, வெயில் விழும் பக்கம் வேறொரு கணக்கு என்று ஆவதால்தான் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடுகிறது.

கொத்தனார்கள் இதற்குக் கண்ட பழைய வழி, வெடிப்பு கண்ணில் படாத ஆழம்வரை வானம் தோண்டி, மணல் கொட்டித் தண்ணீர்விட்டு இறுக்கி, அதன்மேல் கருங்கல் கட்டுவது. ஈரம் மாறாத ஆழத்தைத் தேடிப் போனவரை இது சரியான அறிவு. மணலில்தான் பிழை இருந்தது. சுற்றுப்புற நீரை உறிஞ்சித் தேக்கி அடியிலுள்ள களிக்கு ஊட்டும் தொட்டியாக மணல் மாறிவிடும்.

ஏட்டு அறிவியலும் முதலில் இந்தச் சிக்கலைத் தீர்க்கவில்லை. இஸ்தான்புல்லில் ஆசிரியராக இருந்த கார்ல் டெர்சாகி 1925இல் வெளியிட்ட ஜெர்மன் நூலோடு நவீன மண் இயக்கவியல் தொடங்கியதாகக் கொள்வது வழக்கம். அமெரிக்காவில் வளர்ந்த ஊடுருவல் சோதனையை அவரும் ரால்ஃப் பெக்கும் 1948இல் எழுதிய நூல் உலகெங்கும் பரப்பியது. 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விட்டு, முதல் 15 செ.மீ. இறக்கத்தைத் தள்ளிவிட்டு, அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை அடி என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையே 'என்' மதிப்பு. 1963இல் இது இந்தியத் தரக்குறியீடும் ஆனது (ஐ.எஸ். 2131). இன்று 'சாயில் டெஸ்ட்' என்றாலே பலருக்கும் இதுதான். இது சோதனை நடக்கும் நாளில் மண் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும். நனைந்தால் என்ன செய்யும் என்பதைச் சொல்லாது.

அந்த இரண்டாம் கேள்விக்கு இந்தியாவில் கிடைத்த வலுவான விடை ரூர்க்கியிலிருந்து வந்தது. 1947இல் தொடங்கிய மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில், தினேஷ் மோகனும் அவர் குழுவினரும் அடிப்பகுதி குமிழாக விரிந்த பைல்களை (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்களை) உருவாக்கினர். டெக்சாஸிலும் தென்னாப்பிரிக்காவிலும் அடி விரிந்த தூண்கள் முன்பே இருந்தன. கையால் சுழற்றும் துளைப்பானையும், குழிக்குள் இறங்கியபின் அழுத்தினால் விரிந்து மண்ணைச் சீவும் கருவியையும் கொண்டு சிறு வீட்டுக்கும் எட்டும்படி செய்ததே ரூர்க்கியின் பங்கு. என் கணிப்பில் குமிழைவிட இதுதான் பெரிய சாதனை. ஐ.எஸ். 2911 மூன்றாம் பாகம் இதை விதியாக்கியது. ஆழமான கரிசலில் பைல் குறைந்தது 3.5 மீட்டர் இறங்க வேண்டும்; குமிழின் விட்டம் பொதுவாகத் தண்டைப்போல் 2.5 மடங்கு. மேல்மண் உப்பித் தூக்க முயன்றாலும் ஈரம் அதிகம் மாறாத ஆழத்தில் குமிழ் நங்கூரமாகப் பிடித்துக்கொள்ளும். பைல்களை இணைக்கும் உத்திரத்துக்கும் தரைக்கும் நடுவே 80 மி.மீ. வெற்றிடம் விடச் சொல்வதும் மண் உப்ப இடம் வேண்டும் என்பதற்காகவே.

மும்பை ஐ.ஐ.டி.யின் ஆர்.கே. கட்டி வேறு திசையில் சென்றார். கரிசலுக்கு மேல் ஏறத்தாழ ஒரு மீட்டர் தடிமனில், உப்பாத ஆனால் ஒட்டும் தன்மையுள்ள மண்ணை இறுக்கிப் பரப்பினால் உப்பல் அடங்குகிறது என்று காட்டினார். மணல் தோற்ற இடத்தில் இது ஏன் வென்றது என்பதையும் அவர் விளக்கினார். 1979இல் அச்சான அவரது நீண்ட உரை இத்துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. சாலைகளும் கால்வாய்களும் இம்முறையால் பெற்ற பயனை வீடுகள் பெறவில்லை.

1977இல் தரப்படுத்தப்பட்ட உப்பல் சோதனை மிக எளியது. சலித்த மண்ணில் 10 கிராம் தண்ணீரிலும் 10 கிராம் மண்ணெண்ணெயிலும் போட்டு, 24 மணி நேரம் கழித்துக் கன அளவுகளை ஒப்பிட வேண்டும். மண்ணெண்ணெயில் களி உப்பாது; வித்தியாசமே உப்பலின் அளவு. இரண்டு கண்ணாடி உருளைகள் போதும். ஆயினும் தனி வீடுகளுக்கான மண் அறிக்கைகளில் தாங்குதிறன் தவறாமல் இருக்க, உப்பல் அளவு விடுபட்டுப்போவது சாதாரணம். தாங்குதிறனும் பருவத்துக்குப் பருவம் மாறும்: ஒரே மனையில் சித்திரையில் துளையிட்டால் காய்ந்த களி கல்லாக நின்று 'என்' மதிப்பை உயர்த்திக் காட்டும். மார்கழியில் துளையிட்டால் மேலடுக்குகளில் அது சரிந்திருக்கும். அறிக்கையில் துளையிட்ட தேதியோடு மண்ணின் ஈரப்பத அளவும் இல்லாவிட்டால், தாங்குதிறன் எந்தப் பருவத்துக்கு உரியது என்பதைப் படிப்பவர் கண்டுகொள்ள வழியில்லை.